விளையில் ஒரு கூடாரம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மூன்று வயது சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது, பெயர் ராணி. ஜனவரியில் டென்ட், அடுப்பு எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் ராணியுமாகக் குமரி மாவட்டத்துக்கு வரலாம் என்றிருக்கிறோம். ஹோட்டல் வேண்டாம். காளிகேசம், பேச்சிப்பாறை பக்கம் காட்டுக்குள் ஆற்றோரமாக இரண்டு ராத்திரி தங்க ஆசை. நீங்களும் நாயோடு ஊர் சுற்றுபவர் என்று எழுதியிருந்தீர்கள். வழி சொல்லுங்களேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், காட்டு ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். காளிகேசமும் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடும் வனத்துறையின் கையில் இருப்பவை. அங்கே டென்டுக்கும் இடமில்லை, ராணிக்கும் இடமில்லை. சட்டம் ஒருபக்கம் கிடக்கட்டும். யானையைப் பார்த்த நாய் முதலில் குரைக்கும், அப்புறம் பயந்துபோய் நம்மிடம்தான் ஓடிவரும், யானையையும் கூட்டிக்கொண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் இரை. நம் நாயால் காட்டுக்கும் கேடு உண்டு. நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாய், நரி, பூனை இனம் என்று பலதையும் தொற்றும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் செத்த சிங்கங்களிடமும் அது இருந்தது.

சரி, காடு இல்லையென்றால் வேறெங்கே? வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. மாவட்டம் மொத்தமே 1,684 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காடு. மிச்சத்தில் 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆளில்லாத ஆற்றங்கரை என்று நீங்கள் காரை நிறுத்தும் இடம் யாரோ ஒருவருடைய விளையாக இருக்கும். (விளை என்றால் எங்கள் பக்கம் தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளி) நிற்கிற தோட்டம். எத்தனையோ ஊர்ப்பெயர்கள் விளை என்றுதான் முடியும்.) அதனால் கேட்டுத்தான் தங்க வேண்டும்.

நான் செய்வதும் அதுதான். ஒருமுறை குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு விளையில் சாயங்காலம் நாலு மணிக்கே போய்க் கேட்டேன். இருட்டிய பிறகு கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டுக்காரர் டென்டைப் பார்த்துவிட்டு, "மழ வந்தா என்ன செய்வீங்க? சாய்ப்புல கெடக்கலாமே" என்றார். சாய்ப்பு என்றால் வீட்டை ஒட்டிய சரிவுக் கொட்டகை. நான் பிடிவாதமாக டென்டே போட்டேன், தேங்காய் விழாத இடமாகப் பார்த்து. வீட்டம்மா என் நாய் மணியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இது கோழியப் பிடிக்குமா?" பிடிக்கும் என்று உண்மையைச் சொல்லி, ராத்திரி முழுக்கச் சங்கிலியில் போட்டேன்.

கோழி தப்பியது, மணி தப்பவில்லை. காலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் மரங்களைச் சுற்றிவிட்டுப் போனதும், கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு போய் பால் வடிகிற ஒரு சிரட்டையில் மூக்கை விட்டிருக்கிறது. திரும்பி வரும்போது மோவாயெல்லாம் வெள்ளை. நான் துணி தேடி எடுப்பதற்குள் பால் இறுகிவிட்டது. மீசையும் மோவாய் மயிரும் சேர்ந்து ஒட்டி, இழுத்தால் ரப்பராக நீள்கிறது, மணி அலறுகிறது. வீட்டம்மா தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து விரலால் பாதியை உருட்டி எடுத்தார். மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். அப்புறம் ஒரு மாதம் ஒருபக்க மீசையோடு திரிந்தது. சிந்தின பாலுக்குக் காசு நீட்டினேன், வெட்டுகாரர் சிரித்துவிட்டு வாங்காமல் போய்விட்டார்.

ஜனவரி நல்ல மாதம்தான், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் ஓய்ந்திருக்கும். பொற்றையடியில் தொடங்குங்கள். அங்குள்ள மருந்துவாழ் மலையில் சாமி கும்பிட வருகிறவர்கள் அதிகம். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே ராணியோடு இருங்கள். உதயகிரிக் கோட்டையிலும் அப்படியே. டச்சுக்காரர்களிடமிருந்து வந்து திருவிதாங்கூர் படைத்தலைவரான டிலனாயின் கல்லறையைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் உள்ளே மான்கள் நிற்கின்றன. பாசனத் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்து நடைபாதையில் நாயை இழுக்க வேண்டாம். கீழே இறங்கிப் பறளியாற்றங்கரையில் நின்று தூண்களை அண்ணாந்து பாருங்கள், என்னைக் கேட்டால் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

நாயோடு நடக்க எங்கள் ஊரில் சானல்கரையை, அதாவது பாசனக் கால்வாய்க் கரையை, மிஞ்சிய இடமில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் பக்கத்தில் ஓட, இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் வயல். வண்டி அதிகம் வராது. ஆனால் கயிற்றை விடாதீர்கள், தண்ணீர் இழுக்கும். எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கிற ஊசியை ஊரிலேயே போட்டுவிடுங்கள், வெறிநாய் ஊசியும் உண்ணி மருந்தும்தான். வழியில் யாராவது அவித்த மரச்சீனி கொடுத்தால் ராணிக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சைத் தோலைக் கடிக்க விடாதீர்கள், அதில் விஷம் உண்டு. டீ குடிக்கிற நேரத்துக்குக்கூட ராணியைப் பூட்டிய காருக்குள் விடவேண்டாம்.

எனக்குத் தெரிந்த விளைக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒன்று எழுதுங்கள். சிப்பிப்பாறை முயல் பிடிக்கவென்றே வளர்த்த இனம். ராணி கோழியைப் பிடிக்குமா?