வில்லனும் வக்கீல்களும்

அன்புள்ள சார்,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு நாயகர்களைவிட வில்லன்களைத்தான் பிடிக்கும். ராவணன், துரியோதனன், கர்ணன். காமிக்ஸில் ஜோக்கர், மாக்னீட்டோ, தானோஸ். ராவணன் தங்கைக்காகப் போர் செய்த அண்ணன். சீதையின் மேல் சுண்டுவிரல்கூடப் படவில்லை. தானோஸ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. போன மாதம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, என் வருங்கால மாமனார் "இந்தப் பையன் மனசுல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டார். வில்லன்களை விரும்புவது உளவியல் குறைபாடா? புராண வில்லன், காமிக்ஸ் வில்லன், இவர்களில் யாருடைய படைப்பு சிறந்தது?

கே.

அன்புள்ள கே.,

மாமனார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மனதில் கோளாறு எதுவும் இல்லை. அவரும் அவர் காலத்தில் பழைய பட வில்லன் பி.எஸ். வீரப்பா மாதிரி சிரித்துக் காட்டியிருப்பார், விசாரித்துப் பாருங்கள். உளவியல் கேள்வியை உளவியல் படித்தவர்களிடம் கேளுங்கள், நான் கதை படித்தவன். யார் படைப்பு சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். கம்பனையும் காமிக்ஸையும் ஒரே தராசில் வைத்தால் எடை போடுகிறவன்தான் அசடாகத் தெரிவான்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாக நான் பதில் எழுதுவதில்லை. ராவணன் நல்லவனா கெட்டவனா என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச நாளாகக் கம்பனின் யுத்த காண்டத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். கும்பகர்ணன் மனதை விட்டு இறங்க மறுக்கிறான். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

வில்லனைப் பிடிப்பது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த எங்களுக்குக் கையில் கிடைத்த நாயகர்களே குற்றவாளிகள்தான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது மாயாவி நல்லவனே இல்லை. ஆய்வுக்கூட விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்து, இரும்புக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகிறது. அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு நியூயார்க்கைத் தகர்த்துவிடுவேன் என்று மிரட்டுகிற அளவுக்குப் போகிறான். பிற்பாடுதான் திருந்தி உளவாளியாகிறான்.

1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதில் ஸ்பைடர் வந்தான். கூர்மண்டையன் என்று செல்லமாகச் சொல்வோம். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பதே அவன் லட்சியம். விஞ்ஞானி பெல்ஹாமும் பெட்டகம் உடைக்கும் ஆர்டினியும் அவனுடைய கூட்டாளிகள். அந்தத் தொடரைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர் 1933இல் முதன்முதலாக எழுதிய சூப்பர்மேனும் ஒரு மொட்டைத்தலை வில்லன்தான். அந்தப் பெயர் ஒரு நல்லவனுக்குப் போய்ச் சேர 1938 ஆயிற்று.

நானும் என் பெரியம்மா மகனும் ஒரே புத்தகத்தில் தலையை முட்டிக்கொண்டு ஸ்பைடர் படிப்போம். அவன் திருடன் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். போலீஸிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள்வோம், அவ்வளவுதான். அவன் ஏன் திருடனானான், சின்ன வயதில் யார் அவனை அடித்தார்கள், இதெல்லாம் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்த உங்களால் முடியவில்லை. உடனே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாதாடக் கிளம்பிவிடுகிறீர்கள்.

சரி, வழக்கையே எடுப்போம். சுண்டுவிரல்கூடப் படவில்லையாம். ஏன் படவில்லை என்று கம்பன் சொல்லியிருக்கிறான்: "தீண்டான் அயன் மேல் உரை சிந்தைசெயா." இசையாத பெண்ணைத் தொட்டால் அழிவாய் என்ற அயனின், அதாவது பிரம்மாவின், சாபம் ராவணனுக்கு நினைவு வந்தது. அதனால் குடிசையோடு நிலத்தைப் பெயர்த்துத் தூக்கிப் போனான். இதற்குப் பெயர் கண்ணியமா? உயிர்ப் பயம் ஐயா. வால்மீகியில் அந்த மரியாதையும் கிடையாது, கையால் பற்றித்தான் தூக்குகிறான். அசோகவனத்தில் வந்து நின்று, இன்னும் இரண்டு மாதத்தில் இணங்காவிட்டால் காலை உணவுக்கு உன்னை வெட்டிச் சமைத்துவிடுவார்கள் என்கிறான்.

அடுத்தது அண்ணன் கதை. 'ராவணன் மாதிரி ஓர் அண்ணன் வேண்டும்' என்று ஒரு பெண் சொல்வதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை அனுப்புகிறவர்களில் ஒருவராவது உத்தர காண்டத்தைத் திறந்திருப்பார்களா? சூர்ப்பணகையின் புருஷன் வித்யுஜ்ஜிஹ்வனைக் கொன்றவனே ராவணன்தான். அவள் காலில் விழுந்து கதறியபோது, போர் வெறியில் ஆள் தெரியாமல் நடந்துவிட்டது என்று சமாதானம் சொல்லி, கரனைத் துணைக்குக் கொடுத்துத் தண்டக வனத்துக்கு அனுப்பிவைத்தான். அப்படி ஓர் அண்ணன் யாருக்காவது வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

கர்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. 1964இல் சிவாஜி நடித்துக் காட்டியதோடு தமிழ்நாட்டில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. சபையில் திரௌபதியை வேசி என்றவனும், அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் கர்ணன்தான் என்று எடுத்துச் சொன்னால் நாளைக்கு எனக்குத்தான் வசவு வரும். ராவணனை நாயகனாக்கிப் புலவர் குழந்தை எழுதிய ராவண காவியம் வேறு கணக்கு. அது 1946இல் வந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் விடுதலையானது. அதன் சண்டை ராமாயணம் என்ற அதிகாரத்தோடு. உங்கள் ரசனை விவகாரத்தை அதோடு கோக்க வேண்டாம்.

இப்போது கும்பகர்ணனுக்கு வருகிறேன். ராவணனுக்கு இதுவரை வாய்த்த ரசிகர்களில் தலைசிறந்தவன் அவனே. அனுமன் இலங்கையை எரித்துவிட்டுப் போன பிறகு மந்திராலோசனை நடக்கிறது. படைத்தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீரம் பேசுகிறார்கள். கும்பகர்ணன் எழுந்து அண்ணன் முகத்துக்கு நேரே சொல்கிறான்:

"பேசுவது மானம்; இடை பேணுவது காமம்;
கூசுவது மானுடரை, நன்று, நம கொற்றம்!"

பேச்சில் மானம், மனதில் காமம், மனிதர்களைக் கண்டால் கூச்சம். நன்றாக இருக்கிறது நம் ஆட்சி! தங்கையின் மூக்கு, குலத்தின் கௌரவம் என்று இன்றைக்கு நீங்கள் எடுத்து வைக்கிற வாதத்தை ராவணனின் சொந்தத் தம்பியே அன்றைக்குச் சபையில் கிழித்துப் போட்டுவிட்டான். எதிர்க்கட்சிக்காரன் சொன்னதில்லை இது.

அப்புறம் போர் மூள்கிறது. முதல் நாள் போரில் தோற்று ராவணன் வெறுங்கையோடு திரும்பி வருகிறான். தம்பியை எழுப்பச் சொல்கிறான். விழித்து வந்தவன் கேட்கிறான்: "ஆனதோ வெஞ்சமம்? அலகு இல் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?" கவனியுங்கள் கே., அரைத்தூக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் வருகிற கவலை சீதையின் துயரம்! அவளை விட்டுவிடு என்று திரும்பவும் சொல்கிறான். ராவணன் ஏளனம் செய்கிறான், போருக்குப் போக விருப்பமில்லையென்றால் தூங்கப் போ என்கிற தோரணையில். கும்பகர்ணன் சூலத்தை எடுத்துக்கொள்கிறான். வென்று வருவேன் என்று சொல்லவில்லை. "பொன்றுவென்" என்கிறான்: செத்துப்போவேன், செத்த பிறகாவது சீதையை விட்டுவிடு, அதுதான் நல்லது. இதுவரை நான் ஏதாவது குற்றம் செய்திருந்தால் பொறுத்துக்கொள், இனி உன் முகத்தில் விழிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

களத்தில் விபீஷணன் வந்து ராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும்போதும் அவன் அசையவில்லை. "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்னை இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன் என்கிறான். நீரில் வரைந்த கோலம் போன்ற வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு உன்னோடு வர மாட்டேன் என்று பொருள். அதைச் சொல்லும் அந்த நிமிஷத்திலும் அண்ணன் செய்தது சரி என்று ஒரு வார்த்தை இல்லை. விபீஷணனுக்கு நியாயம் தெரிந்தது, போய்விட்டான். சபையில் தொடை தட்டியவர்களுக்கு விசுவாசம் இருந்தது, வாயில் நியாயம் வரவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு செத்தவன் கும்பகர்ணன் ஒருவன்தான்.

இல்லை, இந்திரஜித்தையும் சேர்க்க வேண்டும். கடைசிப் போருக்குப் போகும் முன் சீதை மேல் உள்ள ஆசையை விட்டுவிடு என்று அப்பனிடம் கேட்கிறான். பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே, "உன்மேல் காதலால் உரைத்தேன்" என்கிறான். இந்த வரியைப் படித்துவிட்டு நேற்று வெகுநேரம் வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துக் கூத்து நடத்துவார்கள். கடைசியில் படுகளம். களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்தபடி அவ்வளவு பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிப்பாள். என் ஆயா கூத்து நடந்த அத்தனை ராத்திரியும் துரியோதனனைக் "கட்டையில போறவன்" என்று திட்டித் தீர்த்தவள். படுகளத்தில் ஒப்பாரி எழும்பியதும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ஏன் ஆயா அழுவுற என்று கேட்டதற்கு முதுகில் ஓர் அறை விழுந்தது. கூட்டம் கலைந்ததும் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அந்த மண்ணுடம்பிலிருந்து ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நெல் குதிரில் போடவாம். அவன் யோக்கியனா இல்லையா என்ற விசாரணை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. கொல்லம் மாவட்டத்தில் போருவழி மலநடையில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது. தாகத்தோடு வந்தவனுக்கு ஒரு கிழவி கள் கொடுத்தாளாம், இன்றைக்கும் படையல் கள்தான்.

காமிக்ஸை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தானோஸ் விஷயத்தில் கும்பகர்ணனின் வரியைக் கடன் வாங்குகிறேன். ஜிம் ஸ்டார்லின் 1973இல் படைத்த பாத்திரம் அது. 1991இல் வந்த இன்ஃபினிட்டி காண்ட்லெட் கதையில் தானோஸ் பிரபஞ்சத்தில் பாதி உயிர்களை அழிப்பது எதற்குத் தெரியுமா? மரணம் அங்கே ஒரு பெண்ணாக வருகிறாள், அவள் இவனைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு. பேணுவது காமம், பச்சையாகவே. 2018இல் திரைப்படம் எடுத்தவர்கள் காதலை எடுத்துவிட்டு மக்கள்தொகை, வளப் பற்றாக்குறை என்று ஒரு பிரசங்கத்தை அவன் வாயில் வைத்தார்கள். நீங்கள் எல்லோரும் அந்தப் பிரசங்கத்துக்குத் தலையாட்டினீர்கள். அதே வருஷம் ரெடிட் என்ற இணையதளத்தில் தானோஸ் ரசிகர்கள் தங்களில் பாதிப் பேரை வெளியேற்றச் சொல்லி அவர்களே கேட்டுக்கொண்டு, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியே போனார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். விளையாட்டு விளையாட்டாக இருந்தது.

எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மாக்னீட்டோ இன்னும் நல்ல உதாரணம். 1963இல் வந்தபோது வெறும் அட்டை வில்லன். 1981இல் கிறிஸ் கிளேர்மாண்ட் அவனை யூதப் படுகொலையில் தப்பியவனாக்கினார். அந்த ஒரு காயத்தைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் ஆட்கள் வாதாடுகிறார்கள். அது வெளிவரும் அதே இதழில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிட்டி பிரைட் என்ற சிறுமியைக் கொன்றுவிட்டதாக நினைத்து அவன் உடைந்துபோகிறான். தன் இனத்துக்கு நடந்ததைத் தானே ஒரு குழந்தைக்குச் செய்துவிட்டோமே என்று. எழுதியவர் காயத்தைக் கொடுத்தது விடுதலை வாங்கித் தர அல்ல, குற்றத்தின் கனம் அவனுக்கே தெரியட்டும் என்றுதான்.

ஜோக்கருக்காக நீங்கள் வாதாடவில்லை, புண்ணியம். 1988இல் அவன் கையால் அடிபட்ட பேட்மேனின் சின்னக் கூட்டாளி ராபின் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று தொலைபேசியில் வாக்கெடுத்தார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. 72 வாக்கில் பையன் போய்ச் சேர்ந்தான். ரசிகர்களை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா!

கே., உங்களைத் திட்டியது போதும். உங்களுக்கு ராவணனை உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்று தெரிகிறது, அது சந்தோஷம். மந்திரப் படலத்தில் ஆரம்பித்துக் கும்பகர்ணன் வதைப் படலம் வரை படியுங்கள். பிறகு மண்டோதரியின் ஒப்பாரிக்குத் தாவுங்கள், "வெள் எருக்கஞ் சடைமுடியான்" என்று தொடங்கும் பாட்டு. சீதை மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அம்பு உடம்பெல்லாம் தடவித் தேடியதோ என்று கேட்கிறாள். பெண்டாட்டியே அழுதுகொண்டு குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையோடு படித்தால் அருஞ்சொல் ஒன்றும் தடுக்காது. வாய்விட்டுப் படியுங்கள், மாமனார் வீட்டில் வேண்டாம்.

அன்புடன்.