இஸ்ரேல் – பாலஸ்தீனம்: இந்த வன்முறைச் சுழலுக்கு முடிவே கிடையாதா?

இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் மாறி மாறிக் கொல்வது எப்போது நிற்கும், நிறுத்த வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

நான் வரலாறு படித்தவன் இல்லை. துபாயில் பதினோரு வருடம் கட்டுமான வேலையில் இருந்தேன், குவாண்டிட்டி சர்வேயர். எனக்கு மேலே இருந்தவர் மேற்குக் கரையில் (1967இலிருந்து இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதி) துல்கரம் ஊர்க்காரர். சைட்டில் எல்லோரும் அவரை முஹந்திஸ் என்றுதான் கூப்பிடுவோம். அரபியில் இன்ஜினியர் என்று அர்த்தம். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி, அவரோடு டீ குடித்த நேரத்தில் தெரிந்துகொண்டது. மீதி, அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கப் போய்ப் படித்தது.

'சுழல்' என்ற சொல்லையே அவர் ஏற்க மாட்டார். "சுழலில் மாட்டினால் இரண்டு பேரும்தான் முங்க வேண்டும். இங்கே ஒருவன் படகில் அல்லவா இருக்கிறான்" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குப் போக அவர் துபாயிலிருந்து அம்மானுக்குப் பறந்து, ஜோர்டான் ஆற்றின் மேல் இருக்கும் அலென்பி பாலத்தில் வரிசையில் நின்று, இஸ்ரேலியச் சோதனை முடிந்து, எரிகோ வழியாக வீடு போய்ச் சேர வேண்டும். டெல் அவிவ் விமான நிலையம் அவர் ஊருக்கு ரொம்பப் பக்கம். ஆனால் அங்கே இறங்க அவருக்கு வழியில்லை. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத நாளிலும் இதுதான் நிலைமை. அதனால் "இரு தரப்பும் வன்முறையைக் கைவிட வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போனால் பாதிப் பதில்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இன்று சுமார் 70 லட்சம் யூதர்கள், ஏறக்குறைய அதே அளவு பாலஸ்தீனர்கள். ஈராக்கிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த யூதக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஊர் கிடையாது. இஸ்ரேல் உருவான 1948இல் ஊரை விட்டு விரட்டப்பட்ட பாலஸ்தீனர்களின் பேரப் பிள்ளைகளும் மறந்துவிடப் போவதில்லை. யாரும் எங்கும் போகப் போவதில்லை என்பதை இரண்டு பக்கமும் வாயளவில்தான் ஒத்துக்கொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ரபீனும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கை குலுக்கினார்கள். படிப்படியாகச் சமாதானத்துக்குப் போவதற்கான ஒஸ்லோ ஒப்பந்தம். அது ஏன் செத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த நாட்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

1994 பிப்ரவரி 25, ரமலான் மாதம். மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகரில் இப்ராஹிமி பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகையில் இருந்தவர்கள் மேல் பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதக் குடியேறி (இஸ்ரேல் பிடித்த நிலத்தில் வந்து குடியேறியவர்களை இப்படிச் சொல்வார்கள்) சுட்டதில் 29 பேர் இறந்தார்கள். அவன் ஒரு டாக்டர். குடியேறிகளை ஹெப்ரோன் நகருக்குள்ளிருந்து வெளியேற்றலாமா என்று ரபீன் யோசித்தார், செய்யவில்லை. அதற்குப் பதில் ஹெப்ரோனின் பாலஸ்தீனர்களுக்குத்தான் ஊரடங்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவன் வீட்டுக்கே பூட்டு! நாற்பது நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, இஸ்ரேலின் அஃபுலா நகரில் பேருந்து அருகே கார் குண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஹெப்ரோனுக்குப் பழி என்றது ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கம். ஹெப்ரோன் நடக்காவிட்டால் ஹமாஸ் சும்மா இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை; ஒஸ்லோவை அவர்கள் முதல் நாளிலிருந்தே எதிர்த்தார்கள். ஆனால் இப்போது அவர்கள் கையில் ஒரு காரணம் இருந்தது.

1995 நவம்பர் 4 அன்று ரபீனையே சுட்டுக் கொன்றது ஒரு யூதன், இகால் அமீர். 1996 ஜனவரியில் ஹமாஸின் வெடிகுண்டு நிபுணர் யஹ்யா அய்யாஷை இஸ்ரேல் செல்போனில் குண்டு வைத்துக் கொன்றது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஜெருசலேமில் ஒரே தடத்தில் ஓடும் பேருந்துகள் அடுத்தடுத்து வெடித்தன. மே மாதத் தேர்தலில் சுமார் 30,000 ஓட்டு வித்தியாசத்தில், ரபீனுக்குப் பிறகு பிரதமரான பெரெஸ் தோற்றார், ஒஸ்லோவை எதிர்த்துவந்த நெதன்யாகு ஜெயித்தார்.

பாருங்கள், ஒரு பக்கத்துத் தீவிரவாதியும் மறுபக்கத்துத் தீவிரவாதியும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் கூட்டு வியாபாரம் மாதிரி வேலை நடந்திருக்கிறது. பயங்கரவாதமே இல்லை என்பதுபோல் சமாதானத்தைத் தொடர்வோம், சமாதானமே இல்லை என்பதுபோல் பயங்கரவாதத்தோடு போராடுவோம் என்று ரபீன் சொல்வார். சரியான பேச்சு. நடைமுறையில் பல முறை குண்டு வெடித்ததும் பேச்சுவார்த்தை நின்றது. நின்றது என்றால் என்ன அர்த்தம்? பேச்சை நிறுத்தும் பொத்தானைக் குண்டு வைப்பவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நிற்காமல் போன கதையும் அதே இஸ்ரேலில்தான் இருக்கிறது. 1979இல் எகிப்தோடு உடன்படிக்கை. 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், 1982 ஏப்ரலுக்குள். 1981 அக்டோபர் 6 அன்று கெய்ரோ அணிவகுப்பில் எகிப்து அதிபர் சதாத்தைச் சுட்டுக் கொன்றார்கள். கையெழுத்துப் போட்ட ஆளே போய்விட்டார், இனி எதற்குத் தர வேண்டும் என்று இஸ்ரேலில் கேட்டவர்கள் உண்டு. அப்போதைய இஸ்ரேல் பிரதமர் பெகின் ஒன்றும் இளகிய மனதுக்காரர் இல்லை. ஆனாலும் 1982 ஏப்ரலில் சினாயிலிருந்த யாமித் குடியிருப்பில் கூரைமேல் ஏறி நின்ற யூதக் குடியேறிகளை இஸ்ரேல் ராணுவமே இழுத்து இறக்கியது, ஊரையே இடித்தது. அந்த வேலையைப் பார்த்தவர் பாதுகாப்பு அமைச்சர் ஷரோன். அந்தச் சமாதானம் இன்றுவரை முறியவில்லை.

வித்தியாசம் மனிதர்களின் நல்ல குணத்தில் இல்லை என்று நினைக்கிறேன். எகிப்து உடன்படிக்கையில் வரைபடம் இருந்தது, தேதி இருந்தது. ஒஸ்லோவில் எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் நான்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் 'பிறகு' வருவதற்குள் மேற்குக் கரையில் (கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல்) குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சத்திலிருந்து 2000ஆம் ஆண்டுக்குள் 2 லட்சத்தை நெருங்கினார்கள். இப்போது 5 லட்சத்துக்கும் மேல். முஹந்திஸ் 1993இல் கல்லூரி மாணவர். கொடி பிடித்துக்கொண்டு தெருவில் ஆடினாராம். "ஏழு வருஷம் கழித்து மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் புதிதாக விளக்கு. நீயாக இருந்தால் எந்தக் கட்சிக்குப் போவாய்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

2005இல் அதே ஷரோன், பிரதமராக, காசாவிலிருந்து சுமார் 8,000 குடியேறிகளை வெளியேற்றினார். ஆனால் யாரோடும் ஒப்பந்தம் போடாமல் தன்னிச்சையாக. பேசிப் பெற்றோம் என்று சொல்லிக்கொள்ள பாலஸ்தீன அதிபர் அப்பாஸுக்கு எதுவும் மிஞ்சவில்லை. துரத்தினோம் என்று ஹமாஸ் சொல்லிக்கொண்டது. அடுத்த ஜனவரியில் பாலஸ்தீனத் தேர்தலில் ஜெயித்தது. அப்புறம் காசா மேல் முற்றுகை, 2008, 2012, 2014, 2021 போர்கள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துப் போனார்கள். 2025 அக்டோபர் போர் நிறுத்தத்தின்போது காசாவில் இறந்தவர்கள் அங்கத்திய சுகாதார அமைச்சகக் கணக்கில் 67,000க்கு மேல். அந்தப் போர் நிறுத்தத்தோடு வந்த அமெரிக்காவின் 20 அம்சத் திட்டத்தைப் படித்தேன். பாலஸ்தீன அரசுக்கு வழி பிறக்கலாம் என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கிறது. அந்த அரசுக்கு எல்லையும் இல்லை, தேதியும் இல்லை. மறுபடியும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்'.

இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லோரும், பல வருட ரத்தக்களரி 1998இல் ஒப்பந்தத்தில் முடிந்த வட அயர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. அங்கே இரண்டு தரப்புக்கும் ஓட்டு இருந்தது. துல்கரத்துக்காரருக்கு அவரை ஆளும் ராணுவத்தின் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க ஓட்டு கிடையாது.

சாதாரண மனிதர்களால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ராமி எல்ஹனான் என்ற இஸ்ரேலியரின் மகள் ஸ்மதாருக்கு 13 வயது. 1997 செப்டம்பரில் ஜெருசலேம் பென் யெஹுதா தெருவில் தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள். பஸ்ஸாம் அரமின் என்ற பாலஸ்தீனர் பதினேழு வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் ஏழு வருடம் இருந்தவர். அவருடைய மகள் அபீருக்கு 10 வயது. 2007இல் அனாதா ஊரில் பள்ளிக்கு வெளியே இஸ்ரேலின் எல்லைக் காவல் படை சுட்ட ரப்பர் குண்டு தலையில் பட்டு இறந்தாள். அரசுதான் பொறுப்பு என்று சிவில் நீதிமன்றம் சொன்னது. சுட்டவர் மேல் குற்ற வழக்கு நடக்கவில்லை. இந்த இரண்டு அப்பாக்களும் பல வருடங்களாகச் சேர்ந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள். இவர்களைப் போல் பிள்ளையை, உறவைப் பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்கள் 600க்கும் மேல் சேர்ந்து 1995இலிருந்து ஒரு அமைப்பே நடத்துகிறார்கள்.

முஹந்திஸிடம் இதைச் சொன்னபோது அவர் உருகிவிடவில்லை. "நல்ல மனுஷர்கள். ஆனால் பாலத்தில் என்னை நிறுத்துகிற சிப்பாய் மாறினானா?" என்றார். மாறவில்லைதான். இவர்களால் ராணுவத்தை நகர்த்த முடியாது. ஆனால் அங்கே ஒவ்வொரு பழியும் யாரோ ஒரு செத்த பிள்ளையின் பெயரால்தான் நடக்கிறது. என் பிள்ளையின் பெயரைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் உரிமை பெற்றவர்களுக்குத்தான் உண்டு. அடுத்த குண்டு வெடித்த அன்றும் பேச்சை நிறுத்தாதே என்று ஒரு அரசியல்வாதி சொன்னால் துரோகி என்பார்கள். ராமியையோ பஸ்ஸாமையோ அப்படிச் சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும்.

அதனால் என் பதில்: எல்லை எது, எந்தத் தேதிக்குள் என்று முதலிலேயே எழுதுங்கள். அதுவரை குடியேற்றத்தில் ஒரு செங்கல்கூட ஏறக் கூடாது. நடுவில் யார் குண்டு வைத்தாலும் குற்றவாளியைப் பிடியுங்கள், தேதியைத் தொடாதீர்கள். குண்டு வெடிக்கத்தான் செய்யும். அதைத் தாங்கத் தயாரில்லாதவர்கள் கையெழுத்துப் போடாமல் இருப்பதே மேல்.

இதை எழுதும் முன் முஹந்திஸுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன், என்ன எழுதலாம் என்று. அவர் இப்போது ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். குடும்பத்து ஒலிவ மரங்கள், இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம். அறுவடைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ராணுவம் வாயிலைத் திறக்க வேண்டும். சமாதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முன்னாடியே சொன்னால் தேவலை, விடியற்காலையிலிருந்து நிற்க முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் பதில் வந்தது.