அமெரிக்காவில் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுப்பார்களா? குடும்ப வழக்கில் அதனால் என்ன வேறுபாடு?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் தேர்தல், சிலவற்றில் ஆளுநர் நியமனம். தென் கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. தென் கரோலினாவில் குடும்ப நீதிமன்ற நீதிபதிக்கும் இதே வழிதான். வழக்கறிஞர் தொழில் செய்யும் எம்.எல்.ஏ.க்கள் தாங்கள் ஓட்டுப் போட்ட நீதிபதி முன்பே வாதாட வேண்டியிருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024-இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, வேட்பாளர்களைப் பரிசீலிக்கும் குழுவுக்குச் சில உறுப்பினர்களை நியமிக்கும் உரிமையை ஆளுநருக்கும் கொடுத்தார்கள்.

ஆனால் ஏழைக்கு அதைவிடப் பெரிய சிக்கல், வக்கீல் இல்லாதது. கிரிமினல் வழக்கில் அரசே ஒரு வக்கீலைத் தரும். குடும்ப வழக்கில் பொதுவாகத் தராது. அதே தென் கரோலினாவில் குழந்தைக்கு வாரம் 51.73 டாலர் ஜீவனாம்சம் கட்டாத டர்னர் என்பவருக்கு 2008-இல் 12 மாதச் சிறை விதித்தார்கள். அவருக்கு வக்கீல் இல்லை. பணம் கட்டும் வசதி உண்டா என்று குறிக்க வேண்டிய இடத்தை நீதிபதி உத்தரவுப் படிவத்தில் அப்படியே விட்டுவிட்டார்.

2011-இல் டர்னர் எதிர் ரோஜர்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இது தவறு என்றது. எதிர்த் தரப்புக்கும் வக்கீல் இல்லாத இத்தகைய வழக்கில் வக்கீல் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் வருமானத்தைக் கேட்கும் படிவமும் முறையான விசாரணையுமாவது வேண்டும் என்றது.