கபோன் தங்கினார், சரி

கேள்வி: அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து என் மகன் ஆர்லிங்டன் என்னும் பழைய ஹோட்டலின் போட்டோ அனுப்பியிருக்கிறான். வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் பேர் போன ஊராம். தாதா அல் கபோன் தங்கினார் என்று ஓர் அறையையே காட்டுகிறார்களாம். நம் ஒகேனக்கல்லில் அப்படி ஒரு ஹோட்டல் ஏன் இல்லை? அந்தக் குளியல் மூட்டுவலிக்குக் கேட்குமா? (ஒரு வாசகர், பென்னாகரம்)

பதில்: 'தங்கினார்' என்றீர்களே, அதற்கு முதலில் வருகிறேன். ஒகேனக்கல்லில் லாட்ஜ் சாவியை வாங்கியதுமே ரூம் பையன் ஒரு நடிகர் பெயரைச் சொல்லுவான். "சார், அவரு இந்தக் கட்டில்லதான் படுத்தாரு." இப்படிச் சொல்லப்பட்ட இரவுகளையெல்லாம் கூட்டினால், அந்த நடிகர்கள் யாருக்கும் சென்னையில் வீடே தேவைப்பட்டிருக்காது. எனக்குக் கிடைத்த அறையில் ஒரே படப்பிடிப்பின்போது ஹீரோவும் வில்லனும் சேர்ந்து தங்கினார்களாம். பாத்ரூம் தாழ்ப்பாள் ஏன் இல்லை என்று கேட்டேன். "அது வில்லன் பண்ணது சார்."

ஆக, கதைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. யாருடைய கதை என்பதுதான் கேள்வி.

1792 முதல் 1799 வரை பாராமகாலில் (நம் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பெயர்) அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கினார். தோட்டம் போட்டார். விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் பழகினார். பிற்பாடு சென்னை கவர்னர். சென்னையில் அவர் சிலையின் குதிரைக்குச் சேணமில்லை என்று ஊரே பேசும். தருமபுரித் தோட்டத்தை எவரும் பேச மாட்டார்கள். நான் பேசினால், "வெள்ளைக்காரன் புராணம்" என்று காரிமங்கலத்திலிருந்து ஒரு நண்பர் தவறாமல் கார்டு போடுவார். ஐயா, கபோன் மட்டும் என்ன, காரிமங்கலமா?

சரி, வெள்ளைக்காரர் வேண்டாம். சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் தங்கினார். தொழுநோயைக் காட்டி ரயிலில் ஏற விடாத ஆட்சியை எதிர்த்து, ஊர் ஊராக நடந்த மனிதர். 1925இல் அங்கேயே இறந்தார். அவர் கனவு கண்ட பாரத மாதா ஆலயத்துக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். அதே 1923இல்தான் உங்கள் மகன் பார்த்த ஆர்லிங்டன் எரிந்து சாம்பலானது. 1875இல் கட்டியதை இடித்து 1893இல் பெரிதாக எழுப்பிய இரண்டாவது கட்டடம் அது. எதிர்ப்புறத்தில் மூன்றாவதை எழுப்பி, 1924 முடிவதற்குள் திறந்துவிட்டார்கள். பாப்பாரப்பட்டியில் அடிக்கல் மட்டும் ஏறக்குறைய நூறு வருஷம் காத்திருந்தது. ஒகேனக்கல்லில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

அப்புறம் மூட்டுவலி. ஹாட் ஸ்பிரிங்ஸில் எரிமலை எதுவும் கிடையாது. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, ஆழத்தில் இறங்கிச் சூடாகி, 62 டிகிரியில் மேலே வருகிறது. அப்படியே ஊற்றிக்கொண்டால் மூட்டு இருக்கும், தோல் இருக்காது. ஆற வைத்துத்தான் குளிப்பார்கள். வெந்நீர் ஒத்தடம் சற்று இதமாக இருக்கும். அதற்கு உங்கள் வீட்டு அடுப்பே போதும். வலி நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். மகனிடம் அந்தக் கபோன் அறையின் வாடகையை மட்டும் கேட்டு எழுதுங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும்.