கறுப்புத் தண்ணீர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாஸ்மேனியாவின் மக்வாரி துறைமுகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான், போன மாதம் மெல்போர்னில் மகள் வீட்டிலிருந்து நானும் மனைவியும் அங்கே போனோம். ஹோபர்ட்டிலிருந்து நாலரை மணி நேரம் வளைவு வளைவான மலைப்பாதை. ஸ்ட்ரான் ஊரில் ஒரு ராத்திரி. மறுநாள் ஆறு மணி நேரம் படகு. ஓயாத மழை. தண்ணீர் சாக்கடை மாதிரி கறுப்பு. ஒரு தீவில் இடிந்த செங்கல் சுவர், அப்புறம் கொஞ்ச தூரம் பலகைப் பாதை, மரங்கள். இவ்வளவு செலவழித்து என்ன பார்த்தோம் என்று மனைவி கேட்கிறாள். நீங்கள் அங்கே எதைப் பார்த்தீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. என் கட்டுரையில் நான் அதைச் சரியாகச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. நான் பார்த்தது அந்தக் கறுப்புத் தண்ணீரைத்தான்.

அந்தத் துறைமுகத்தில் வந்து சேரும் கோர்டன் ஆறு வரும் வழியெல்லாம் பட்டன் புல் என்று ஒரு முரட்டுப் புல் வளரும் வெளிகள். புல்லுக்கு அடியில் காலங்காலமாக மக்கிச் சேர்ந்த கறுப்பு மண். மழைநீர் அதில் ஊறி இறங்கும்போது, டீத்தூளில் வெந்நீர் இறங்குவது போல, சாயம் ஏறிவிடுகிறது. பலகைப் பாதை தொடங்கும் படகுத்துறையில் குனிந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அசல் வரட்டீ நிறம். ஒரு தூசி இல்லை, கலங்கல் இல்லை. பாட்டிலைப் பிடித்திருந்த விரல்கள் மறுபக்கம் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தன. அதே தண்ணீர் ஆழம் சேரும்போதுதான் கறுப்பாகிறது. காற்று நின்ற சில நிமிடங்களில் மேலே ஒரு காடும் கீழே ஒரு காடும் இருந்தன. கரை எங்கே முடிகிறது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. உங்களுக்கு மழை அதைத் தரவில்லை. ஆனால் அந்த மழைதான் இந்த நீரைச் செய்கிறது.

துறைமுகம் சுமார் 315 சதுர கிலோமீட்டர். சிட்னி துறைமுகத்தைப் போல ஆறு மடங்கு. கடல் பக்கம் வாய் மட்டும் குறுகல், ஆழமும் குறைவு. அந்தக் காலத்தில் இங்கே அனுப்பப்பட்ட கைதிகள் அதற்கு நரக வாசல் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஆற்றுநீர் மேலே மிதக்க, உப்புநீர் அடியில் கிடக்கிறது. அடிநீர் சீக்கிரம் மாறுவதில்லை, அதில் ஆக்சிஜனும் குறைவு. அங்கே ஒரு திருக்கை வாழ்கிறது, மாஜியன் திருக்கை. 1988-ல் தெற்கே, சாலையே இல்லாத பாதர்ஸ்ட் துறைமுகத்தில்தான் முதலில் கண்டார்கள். இன்று அதற்கு மிச்சமிருக்கும் வீடு என்று சொல்லத்தக்கது நீங்கள் படகில் போன அந்த நீர்தான். வழியில் வட்ட வட்டமாக சால்மன் மீன் கூண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் அடியில் மக்கும்போது ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜனைத் தின்கின்றன. அந்தக் கூண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

சாரா தீவின் செங்கல் சுவர் வெறும் இடிபாடு இல்லை. 1822 முதல் 1833 வரை அங்கே இருந்தது கைதிகள் குடியிருப்பு. ஒருமுறை தண்டிக்கப்பட்டு மறுபடி குற்றம் செய்தவர்களை அனுப்பும் இடம். அவர்களை வைத்து ஹ்யுவான் பைன் என்ற மரத்தை வெட்டிக் கப்பல் கட்டினார்கள். கடைசியாகக் கட்டிய ‘பிரெடரிக்’ கப்பலை 1834 ஜனவரியில் பத்துக் கைதிகள் கைப்பற்றி, பசிபிக்கைக் கடந்து சிலிக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மரத்தின் தடிமன் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் கூடும். இரண்டாயிரம் வயது தாண்டியும் நிற்கும். ஸ்ட்ரான் படகுத்துறையில் உள்ள மர அறுவைக் கூடத்தில் ஒரு சீவலை எடுத்து முகர்ந்தேன். துளசியையும் கிராம்பையும் சேர்த்துக் கசக்கியது போன்ற வாசனை. அந்த எண்ணெய்தான் மரத்தை உளுக்காமல் காக்கிறது. பல பத்தாண்டுகள் ஆற்றில் கிடந்த கட்டையைக்கூட எடுத்து இழைக்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் படகு திரும்பியதே, அதற்கு மேலேதான் ஃப்ராங்க்ளின் ஆறு கோர்டனில் சேருகிறது. அந்தச் சங்கமத்துக்குக் கீழே அணை கட்ட மாநில அரசு முனைந்தது. 1982 டிசம்பரில் ஸ்ட்ரானிலிருந்து ரப்பர் படகுகளில் கிளம்பிய மக்கள் மழையில் போய் மறித்தார்கள். 1,200 பேருக்கு மேல் கைதானார்கள். பின்னாளில் செனட்டரான பாப் பிரவுன் 19 நாள் சிறையில் இருந்தார். 1983 ஜூலை 1 அன்று, அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்ல, அணை நின்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் ஃப்ராங்க்ளின் பள்ளத்தாக்கு இன்று தண்ணீருக்கு அடியில்.

மகள் வீட்டுக்கு மறுபடி போவீர்கள்தானே? ஸ்ட்ரானில் இரண்டு ராத்திரி தங்குங்கள். படகில் மேல்தளத்துக்கு எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் இருவரும் கீழ்த்தளத்தில் பின்பக்கம் நில்லுங்கள். ஆற்றுக்குள் போனதும் வேகத்தைக் குறைப்பார்கள், எஞ்சின் சத்தம் அடங்கும். பையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கட்டும். படகுத்துறையில் இறங்கியதும் உங்கள் மனைவி கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.