வண்டல் குளம் வற்றுகிறதா? போர் போடும் முன் ஒரு வாளியை இறக்கிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு ஊர் வாலிநோக்கம் பக்கம். ஒடிசாவில் தால்சேர் அருகே ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். இப்போது லீவில் வந்திருக்கிறேன். அங்கே மண் கலங்கலைத் தெளியவைக்கும் குளம் ஒன்று உண்டு, பரப்பு சுமார் 2 ஹெக்டேர். கோடையில் நாளுக்கு 2 செ.மீ. இறங்கிவிடுகிறது. அதிலிருந்து தினமும் 12,000 லிட்டர் டேங்கரில் 8 நடை எடுத்து ரோட்டில் தெளிக்கிறோம். குறைகிற தண்ணீருக்கு ஈடாக போர் போடலாமா என்று மேலே கேட்கிறார்கள். உப்பளத்தில் வேலை பார்த்த என் அப்பா, "பாத்தித் தண்ணிகூட இவ்வளவு வேகமா இறங்காதேப்பா" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

பதில்: அப்பா சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்தியில் உப்பு ஏறித் தண்ணீர் கெட்டிப்பட கெட்டிப்பட ஆவியாவது மெதுவாகும், அதனால் உப்பளத்தையும் நன்னீர்க் குளத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அவருடைய சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 2 செ.மீ. முழுவதும் வெயில் குடித்ததாக இருக்க முடியாது.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 10,000 லிட்டர். உங்கள் குளத்தில் 1 மி.மீ. என்பது 20,000 லிட்டர். நீங்கள் எடுக்கும் 8 நடை 96,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய 5 மி.மீ. அடுத்தது ஆவி. வானிலை நிலையங்களில் இருக்கும் ஆவியளவுத் தொட்டியில் 10 மி.மீ. குறைந்தால், குளத்தில் அதில் பத்தில் ஏழு பங்குதான் குறையும் என்பது பொதுவான கணக்கு. தகரத் தொட்டி சீக்கிரம் சூடேறுவதுதான் காரணம். கடுங்கோடைக்கு 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. மீதி 8 மி.மீ. எங்கே? நாளுக்கு 1,60,000 லிட்டர், நீங்கள் டேங்கரில் எடுப்பதைவிட அதிகம், கணக்கில் வராமல் போகிறது. அநேகமாக அது கசிவு.

அநேகமாக என்கிறேன், ஏனென்றால் 7 என்பது நான் வைத்துக்கொண்ட எண். திரும்பிப் போனதும் நீங்களே அளந்துவிடுங்கள். வெளிர்நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் கல்லை அடுக்கி, வாளியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே நாலு விரல் நிற்கும்படி வையுங்கள். வாளிக்குள்ளும் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கட்டும். உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. டேங்கரையும் பம்பையும் நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளிக்குள் இறங்கியது ஆவி. வெளியே இறங்கியதில் அதைக் கழித்தால் கசிவு. காற்றில் அலையடித்து வாளிக்குள் தண்ணீர் தெறித்திருந்தால் அந்த நாளின் அளவை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் நம்பலாம்.

சரி, அளந்தாகிவிட்டது. குறைந்ததை நிரப்பத்தான் வேண்டுமா? என் கருத்து: வேண்டாம். நம்மூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் மனசு நிறையும், ஆனால் இது கண்மாய் இல்லை. மழையில் மண்மேட்டிலிருந்து அடித்து வரும் கலங்கலை வாங்கித் தெளியவைப்பதற்கு வெட்டியது. மழை வரும்போது அதில் காலியிடம் இருக்க வேண்டும். மண் துகள் படிவது பெரும்பாலும் குளத்தின் பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது குறைவு. அதனால் மட்டம் அரை மீட்டர் இறங்கினாலும் தெளிவு கெடாது. மிகவும் வற்றி, உள்ளே வரும் நீர் படிந்த சேற்றையே அரித்துக் கிளப்பினால்தான் தொல்லை. இன்னொன்று: அங்கே மழை நமக்குப் போல ஐப்பசி, கார்த்திகையில் இல்லை, ஜூன் நடுவிலேயே இறங்கிவிடும். மட்டம் குறைந்திருக்கும் மே மாதம்தான் தூர்வார ஏற்ற நேரம்.

தூர்வாரும்போது ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். அடியில் படிந்த நைஸ் களிமண்தான் கசிவை அடைத்து வைத்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் ஊரணியை அளவுக்கு மீறி வெட்டி உப்புத்தண்ணீரைக் கூட்டிவந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைசியாகத் தூர்வாரிய பிறகுதான் மட்டம் வேகமாக இறங்க ஆரம்பித்ததா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், அந்த இடத்தில் களிமண் பரப்பி ஈரத்தோடு ரோலர் ஓட்டுவதே போரைவிட மலிவு.

கசிவு எந்தப் பக்கம் போகிறது என்பது அதைவிட முக்கியம். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தை அதிகாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். வெயிலேறினால் ஈரம் காய்ந்து தெரியாமல் போய்விடும். சுற்றிலும் புல் கருகியிருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே நின்று பாருங்கள். தெளிந்த தண்ணீர் துளித்துளியாக வந்தால் குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள், அன்றைக்கே மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். குளம் சுரங்கக் குழியின் விளிம்புக்கு அருகில் இருந்து, நீர் அந்தப் பக்கம் இறங்கினால் சரிவே பலவீனமாகும். அப்படிப்பட்ட குளத்தை வெளியே இருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதுதான்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது ரோட்டுக்கான 96,000 லிட்டர். அதற்கு முதல் இடம் சுரங்கக் குழியின் அடியில் தேங்கும் நீர். எப்படியும் அதைப் பம்ப் வைத்து வெளியேற்றத்தான் வேண்டும், கரையில் ஆபத்தான கசிவு இல்லையென்றால், டேங்கர் எடுக்கும் அளவுக்கு மட்டும் அந்தக் குழாயைக் குளத்துக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவும் நீரை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விட்டால் அதுவும் உதவும். போர் கடைசி. நிலத்தடி நீர் எடுக்க அனுமதி தேவை, சுரங்கக் குழியில் ஊறும் நீரை வெளியேற்றுவதற்கே மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். தூசிக்குத் தெளிக்க நல்ல தண்ணீரை உறிஞ்சுகிறோம் என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொல்லவும் முடியாது.

உப்பளத்துப் பிள்ளைக்கு டிகிரி (தண்ணீரின் உப்புச் செறிவு) ஏறுவதை விளக்க வேண்டியதில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும், அதிலிருந்த உப்பு அங்கேயே நிற்கும். குழிநீரை ஊற்ற ஊற்ற டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறும், மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துக் குறித்துவாருங்கள். மழையில் குளம் நிரம்பி வெளியே வழியும்போது நிலக்கரிச் சுரங்கத்துக்கான வரம்பு இதுதான்: நீரில் கலங்கி நிற்கும் துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 9 வரை, எண்ணெய், கிரீஸ் 10 மில்லிகிராம். குளத்தை ஈரமாகவே வைத்திருக்க ஒரு நியாயம் உண்டு, அது கந்தகம் அதிகமுள்ள நிலக்கரிக்கு. காய்ந்த சேற்றில் காற்றுப் பட்டால் அமிலம் உண்டாகும். அசாம் பக்கத்து நிலக்கரியில் அது பெரிய தலைவலி. தால்சேர் நிலக்கரியில் கந்தகம் குறைவு. பிஎச் பார்த்துக்கொண்டால் போதும்.

தெளிக்கும் அளவையும் குறைக்கலாம். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அப்பா பார்த்திருப்பார், அது சிந்திய மண் லேசில் காயாது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். சுரங்க ரோடுகளில் தூசி அடக்க அதே உப்பு செதிலாக விற்பனைக்கு வருகிறது. தெளிக்கும் நடைகள் குறையும், ஆனால் டிப்பர்களின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். தவிர, அந்த ரோட்டு மழைநீர் உங்கள் குளத்துக்குத்தான் வந்து சேரும். அதனால் முதலில் ஒரு துண்டு ரோட்டில் மட்டும் போட்டு, அடுத்த மழைக்குப் பிறகு குளத்தின் டிடிஎஸ் எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிட்டு மீதி ரோட்டுக்குப் போங்கள்.