தலைவர் வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டது யார்?

கேள்வி: உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கினார்கள். எங்கள் ஊரில் பெயருக்குத்தான் பெண் தலைவர். ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது அவர் வீட்டுக்காரர். ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, திறமையுள்ள பெண்கள் தாமாக வரட்டும் என்று விட்டால் என்ன?
- ஒரு வாசகர், முக்கூடல் பக்கம்

பதில்: வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டது ஒதுக்கீடு இல்லை. ஊராட்சிச் செயலர் போட்டார், ஒன்றிய அலுவலகம் போட்டது, கட்சிக்காரர்கள் போட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும்தான் போட்டிருக்கிறீர்கள். தெருவிளக்கு எரியவில்லை, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் யாருக்குப் போன் போடுகிறீர்கள்? 'தலைவர்' என்று உங்கள் செல்லில் பதிந்து வைத்திருப்பது யாருடைய நம்பர்?

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் ஒப்புதல் தர வேண்டும். கிராம சபைக்குத் தலைமை தாங்க வேண்டியவரும் தலைவர்தான். கணவர் அங்கே ஒரு வாக்காளர், அவ்வளவே. கணக்கில் தப்பு என்று ஆட்சியர் நோட்டீஸ் அனுப்பினால் அந்த அம்மா பெயருக்குத்தான் வரும். நாட்டாமை ஒருவருக்கு, பழி இன்னொருவருக்கு. இதைச் சரிசெய்ய அந்த அம்மாவையே வெளியே அனுப்புவது என்ன நியாயம்?

தாமாக வரட்டும் என்கிறீர்கள். கட்டாயம் இல்லாத இடத்தைப் பாருங்கள்: 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளில் ஜெயித்த பெண்கள் 12 பேர். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு தர 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். உள்ளாட்சியில் அப்படி இழுக்க முடியவில்லை. நெல்லை மாநகராட்சியின் முதல் மேயராக 1996-லேயே உமா மகேஸ்வரி வந்தார். 2011-ல் மேயரான விஜிலா சத்தியானந்த் 2014-ல் மாநிலங்களவைக்குப் போனார்.

திறமை பற்றியும் கேட்டீர்கள். உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். வாங்கி வந்த இலை எவ்வளவு, அதில் சொத்தை எவ்வளவு, கழித்துப் போட்ட பீடி எத்தனை என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்று பாஸ்புக்கில் வரவு வைக்கச் சொல்லும் பெண்ணுக்கா ஊராட்சிக் கணக்கு புரியாது? எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அவளைக் கேளுங்கள், பிசகாமல் சொல்வாள்.

நெல்லை பக்கத்தில் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் பெண். யாருக்கும் பயப்படாமல் வேலை பார்த்தார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முயன்றார். 2011 ஜூனில் அவரை வழிமறித்து வெட்டினார்கள். உயிர் பிழைத்தது பெரிய காரியம். இது நடந்த மண்ணில் ஒரு தலைவரம்மா வாயைத் திறக்கத் தயங்கினால், அவருக்குத் திறமையில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பின்னால் ஊர் நிற்கிறதா என்றுதான் கேட்பேன்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தால், "அண்ணாச்சி, நீங்க உட்காருங்க, தலைவரம்மா சொல்லட்டும்" என்று எழுந்து சொல்லுங்கள். அந்த அம்மா தடுமாறினால் பொறுத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்க வந்தால் தடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவின் சொந்த நம்பரைக் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.